நாத்தே காய்?

நிறம் மாறவேண்டிய கரைசல் மாறவில்லை.
ப்யூரெட்டின் குழாயைத் திருகி மூடினாள் முதலில்,
பிறகுதான் மேசையைப் பிடித்துக்கொண்டாள்
தேஜல் காம்ப்ளே, மூன்றாம் ஆண்டு வேதியியல்.
இன்னும் மூன்று வாரம் இருக்கே மேடம் என்றாள்,
நான்தான் தேதியை முன்னே நகர்த்தினவள்போல.

குர்லாவில் ரயில் நின்றுவிட்டது என்றார்கள்.
கணவன் பிவண்டிக் கிடங்கில். அம்மா லாத்தூரில்
இன்னும் பேருந்தே ஏறவில்லை.
ஆட்டோக்காரர் தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்தார்,
அவள் வயிற்றைப் பார்த்தார்,
மீட்டர் போடாமல் கிளப்பினார்.
சயான் வரைக்கும் என் மணிக்கட்டு அவள் பிடியில்.
நான் பிள்ளை பெற்றவள் இல்லை.
மூச்சை இழுத்து விடு என்று
சினிமாவில் சொல்வதைச் சொன்னேன்.
நீங்க சும்மா இருங்க மேடம் என்றாள்.
மூன்று வருடத்தில் என்னை எதிர்த்து அவள் பேசிய
முதல் வாக்கியம்.

சன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் கேட்டார்:
நாத்தே காய்?
என்ன உறவு.
பதினாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன்,
இன்னும் அந்தச் சொல் எனக்கு
நாத்து என்றுதான் காதில் விழுகிறது,
பிடுங்கி வேறிடத்தில் நடுகிற நாத்து.
அக்காவா? பெயர் பொருந்தவில்லை.
அம்மாவா? வயது பொருந்தவில்லை.
மாமியாரா என்றார், சிரிக்காமல்.
டீச்சர் என்றேன்.
அப்படி ஓர் உறவு இதில் கிடையாது என்று
படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.
கிடையாதுதான்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவரே ஏதோ கிறுக்கி
சீலைக் குத்தினார்.

நர்ஸ் கழற்றிக் கொடுத்த வளையல்கள்,
பச்சைக் கண்ணாடி, எண்ணினேன், பதின்மூன்று.
இவர்களுக்கும் ஏழாம் மாதம் இதே பச்சைதான்.
வைக்க வேறிடமில்லை, விடைத்தாள் உறைக்குள் போட்டேன்.

திங்களுக்குள் மதிப்பெண் ஏற்றியாக வேண்டும்.
தாழ்வாரச் சுவரில் சாய்ந்து, ஈரச் சேலையோடு,
சமன்பாட்டைச் சமன்செய்யத் தெரியாதவர்களைத்
திருத்திக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொரு தாளை உருவும்போதும் வளையல் சத்தம்.
தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்
பரீட்சையா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

இருபதாவது தாள் தேஜலுடையது.
வலப்பக்கம் சரியும் அந்தக் கையெழுத்து.
கதவுக்கு அந்தப்பக்கம் அவள் கத்துவது கேட்கிறது.
தாளைக் கட்டின் அடியில் தள்ளினேன்.
இன்றைக்கு என் பேனா நியாயம் பேசாது.

மாலை நாலு பத்து. பெண்.
இரண்டு கிலோ நானூறு என்றாள் நர்ஸ்.
நாலு தசமம்வரை எடை பார்த்துப் பழகிய வாய்,
துணியோடா, துணியில்லாமலா என்று கேட்டுவிட்டது.
அவள் என்னைப் பார்த்த பார்வையை
இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.
குழந்தையை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.
கையை மடக்கவா, நீட்டவா.
அப்படியே நின்றேன்.

இடுப்புவரை நனைந்து அவன் வந்தபோது மணி ஒன்பது.
காலைத் தொட வந்தான்.
அதற்குள் வளையல்களை அவன் கையில் திணித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தாளை எடுத்தேன்.
இருபத்தைந்துக்குப் பதினொன்று.
இரண்டு முறை கூட்டினேன். பதினொன்றுதான்.

ஏழு வாரம் கழித்து
குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.
நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நாற்காலி இழுத்துப் போட்டேன்.
நான்காம் கேள்வி, கடைசி வரி, அலகு எழுதியிருக்கேன் மேடம்.
எழுதித்தான் இருந்தாள், ஓரத்தில், எறும்பு அளவுக்கு.
அரை மதிப்பெண் சேர்த்தேன்.
அவள் கையெழுத்திடும்வரை குழந்தை என்னிடம்.
இப்போது மடக்கத் தெரிந்திருந்தது.

போகும்போது ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினாள்,
பிறப்புச் சான்றிதழுக்கு எடுத்து வந்தது.
அந்தக் கட்டத்தைப் படித்துச் சொல் என்றேன்.
முதல் எழுத்து மா.
அதற்கப்புறம் பேனா வழுக்கியிருக்கிறது.
மாவ்ஷியா, மாஸ்தரா,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்,
அவளுக்கும் படிக்க வரவில்லை.