ஏழாம் இலக்கம்

எங்கட ஒளிபரப்பு வண்டி
சிவபாதத்தாரின் ஆட்டோ.
பின் இருக்கையில் பலகை, பலகையில் மடிக்கணினி,
என் மடியில் சுவிச்சர்.
ஒரு றாத்தல் பாணளவுகூட இல்லை.
நாலு வயர் உள்ளே போகும்,
ஒன்றுதான் வெளியே வரும்.

நீர்வேலி. இரவு ஒன்பதரை.
கரப்பந்து இறுதியாட்டம்.
பக்கத்து வாழைத்தோட்டத்துக்குத் தண்ணி கட்டின ஈரம்
வயருக்குக் கீழால் ஊர்ந்து வருகிறது.
பூட்டுகளை எல்லாம் பொலித்தீன் பையில் கட்டிச்
செங்கல்லில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

ஒன்று, நடுவருக்குப் பின்னால், முழு மைதானமும்.
இரண்டு, கிருசிகனின் தோளில், அவன் போகிற இடமெல்லாம்.
மூலைத் தென்னையில் கட்டின பழைய போன் மூன்று,
எல்லைக் கயிற்றை விட்டுக் கண் எடுக்காது.
நாலு புள்ளிப்பலகை.
பச்சை என்றால் காத்திருக்கிறது.
சிவப்பு என்றால் உலகம் பார்க்கிறது.
உலகம் என்றால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஸ்காபரோ, ஹரோ, லாச்சப்பல்,
பிறகு மைதானத்துக்குப் பின்வீட்டு யோகராசா அண்ணை,
கால் முறிந்து கட்டிலில்.

அவரோடுதான் கரைச்சல் கூட.
படம் எட்டு விநாடி பிந்திப் போகிறது.
சனம் கத்துவது யன்னலால் முதலில் வரும்,
பந்து பிறகுதான் எழும்பும்.
"பிள்ளை, அடிக்க முதலே எனக்குப் புள்ளி தெரியுது,
உதைக் கொஞ்சம் சரிப்பண்ணு" என்று
போன கிழமையும் எடுத்தவர்.
யன்னலைச் சாத்துங்கோ அண்ணை என்றேன்.
சாத்தமாட்டார்.

ஐந்தாவது செற். பதினாலுக்குப் பதின்மூன்று.
சுட்டுவிரல் ஒன்றில், நடுவிரல் மூன்றில்.
காதுக்குள் கிருசிகனின் மூச்சு.
அந்த நேரம் பார்த்து இரண்டின் பச்சையில்
மாற்று ஆட்டக்காரரின் வாங்கு.
ஏழாம் இலக்கம்
முழங்கால்களுக்கு நடுவில் கையைக் கொடுத்து
மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு தலையை நிமிர்த்தினான்.

விரல் போய்விட்டது.

வெட்டு என்பது அவ்வளவுதான்.
பொத்தான் சத்தம்கூடப் போடாது.

பந்து எங்கே விழுந்தது?
கயிற்றில் என்கிறது ஒரு பக்கம்,
கயிற்றுக்கு வெளியில் என்கிறது மற்றது.
கோடு பார்த்தவர் கொடியை உயர்த்தி, இறக்கி,
பிறகு கண்ணாடியைத் துடைக்கிறார்.
இரண்டு அணியும் ஆட்டோவைச் சுற்றி.
"அக்கா, திருப்பிப் போடுங்கோ."

இந்தப் பெட்டி எல்லாவற்றையும் காணும்,
வைத்திருப்பது நான் தெரிந்தெடுத்ததை மட்டும்.
தென்னையில் கட்டின மூன்று
கயிற்றையும் பார்த்தது, பந்தையும் பார்த்தது,
மணல் எழும்பினதையும் பார்த்திருக்கும்.
ஓரிடமும் எழுதி வைக்கவில்லை.

திருப்பிப் போட்டேன்.
பன்னிரண்டு தலை சின்னத் திரைக்குக் குனிய
வந்தது ஏழாம் இலக்கத்தின் முகம்.
இரண்டு விநாடி. மூன்று.
வாய் திறக்கிறது.
"உவன் ஏன் இதுக்குள்ள?" என்றது ஒரு குரல்.
அவனும் அங்கேதான் நின்றான், காது சிவந்து.
நான் வயர் ஒன்றைக் கழற்றி மறுபடி கொழுவினேன்,
கழற்றத் தேவையில்லாத வயர்.

சத்தம் மட்டும் வெட்டுப்படவில்லை.
மைக் ஒன்றுதான், எப்போதும் திறந்தபடி.
அந்த முகத்துக்குக் கீழே தொப்பென்று ஒன்று.
நாலு தரம் கேட்டார்கள்.
கயிறு என்றார்கள். மணல் என்றார்கள்.
போன் அடித்தது. யோகராசா அண்ணை.
"கயிறுதான் பிள்ளை. யன்னலாலயும் கேட்டது,
போனிலயும் கேட்டது.
நான் ரெண்டு தரம் கேட்டனான்."

நடுவர் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார்.
ஒன்றில் வைத்தேன். ஒன்றிலேயே வைத்திருந்தேன்,
கடைசிப் பந்து விழுந்து
சனம் கயிற்றைக் கடந்து ஓடி
யார் வென்றது என்று படத்தில் தெரியாமல் போகும்வரை.

ஸ்காபரோவிலிருந்து பெரியப்பா எழுதியிருந்தார்:
ஒளிபரப்பு வடிவு. அந்தப் பந்துக்கு மட்டும் நித்திரையோ?
ஓம் பெரியப்பா என்று போட்டேன்.

வயரை முழங்கையில் சுற்றும்போது
ஒருவன் வந்து மறுமுனையைத் தூக்கிப் பிடித்தான்,
ஈரத்தில் இழுபடாமல்.
அது எத்தனையாம் கமரா என்று கேட்டான்.
இரண்டு என்றேன்.
பெட்டி இன்னும் சூடாக இருந்தது.