ஜேப்பு

எண்ணூர் விரைவுச் சாலையில் மூன்றாவது மணிநேரம்.
முன்னால் ட்ரெய்லர், பின்னால் ட்ரெய்லர்,
வலது பக்கம் கருங்கல், கல்லுக்கு அந்தப்பக்கம் கடல்.
ஏசி போட்டால் எஞ்சின் கொதிக்கும் என்று
கண்ணாடியை இறக்கிவிட்டேன்.
கரித்தூள் ஏறி எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

கம்பெனி கொடுத்த தாளில்
பெயர் எர்தெம், நாடு ஹங்கேரி, வேலை டர்பைன்.
"வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு எங்கே போகலாம்?"
என்று அவர் கேட்டபோதுதான்
பின்புறக் கண்ணாடியில் அவரைச் சரியாகப் பார்த்தேன்.

"நான் துருக்கி" என்றார்.
உடனே "இல்லை" என்றார்.
பிறந்தது புடாபெஸ்ட்.
அப்பா சந்தையில் தோல் கோட்டு விற்க வந்தவர்,
கோட்டெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகும்
திரும்பிப் போகவில்லை.
அங்கே இவர் துருக்கன்.
கோடை லீவில் பெரியப்பா வீட்டுக்குப் போனால்
தெருப் பிள்ளைகள் "மஜார் வந்துட்டான்" என்று கத்துமாம்.
மஜார் என்றால் ஹங்கேரிக்காரன்.

"எத்தனை பேர் சார் இருப்பீங்க அங்கே?"
கொஞ்சம் யோசித்து, "சில ரயில்" என்றார்.
நான் கும்மிடிப்பூண்டி லோக்கலை நினைத்துக்கொண்டேன்,
காலை நேரத்து வண்டி,
கதவில் தொங்குகிறவர்களையும் சேர்த்து.

அந்த ஊரில் 'துருக்கன்' என்றே குடும்பப் பெயர் உண்டாம்.
அவர் வகுப்பில் இரண்டு பேர்.
இரண்டு பேருமே பரம்பரை ஹங்கேரிக்காரர்கள்.
"பெயர் அவங்களுக்கு, திட்டு எனக்கு."
சிரித்தார். ஹாரன் சத்தத்தில்
பாதிச் சிரிப்புதான் என் காதுக்கு வந்தது.

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது, இங்கிலீஷ் போதவில்லை.
எர்ணாவூர் பாலம் இறங்கும் இடத்தில்
ஒரு பூக்காரம்மா, காலடியில் ஆரஞ்சுக் குவியல்.
"சார், அந்தப் பூ பேரு துலுக்கச் சாமந்தி.
துலுக்கன்னா டர்க்கி. என்னையும் துலுக்கன்னுதான் சொல்வாங்க."
"நீ? துருக்கியா?"
"நோ சார். திருச்சி."

பத்து ரூபாய்க்கு வாங்கச் சொன்னார்.
கை கொள்ளாமல் கொடுத்தாள்.
டேஷ்போர்டில் பரப்பி வைத்தேன்,
மீட்டரில் வேகம் பூஜ்யம்.

அப்போதுதான் புரோக்கர் போன்.
"நத்தர்ஷா, தண்டையார்பேட்டை வீடு இல்லப்பா.
ஓனரம்மா ஆதார் கேட்டாங்க."
"பேரை மொதல்லயே சொன்னேனே?"
"நான் நாதன்னு சொல்லிவெச்சிருந்தேன்பா,
ஒரு அட்ஜஸ்ட்மெண்டுக்கு.
அட்வான்ஸ் ரசீது இருக்குல்ல?"
"ஜேப்புலதான் இருக்கு" என்றேன்.
பத்தாவது வீடா, பதினொன்றா,
என் மனைவிதான் கணக்கு வைத்திருக்கிறாள்.

பின்சீட்டில் ஒரு அசைவு.
"என்ன சொன்னாய்? ஜெப்?"
சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன்.
அவரும் தன் சட்டையைத் தட்டினார்.
"வீட்டில் ஜெப். தெருவில் ழெப்."
இரண்டுக்கும் நடுவில்
நாக்கு நுனி நகரும் தூரம்தான்.
"எங்க ஊர்ல ஜேப்படின்னா திருடன் சார்" என்றேன்.
அது அவருக்குப் புரிந்ததா, தெரியாது.

கோட்டுப் பைக்குள் துழாவி
ஓட்டல் காலைச் சாப்பாட்டில் சுட்ட
சின்ன ஆப்பிள் ஒன்றை எடுத்தார்.
எல்மா என்றார், ஆல்மா என்றார்,
என்னைப் பார்த்துக் காத்திருந்தார்.
என்னிடம் அதற்குச் சொந்தச் சொல் இல்லை.
"ஆப்பிள்" என்றேன்.
கத்தி இல்லை. அவர் ஒரு கடி, நான் ஒரு கடி.
லேசாக நிலக்கரி ருசி.

போன் யாருடையது என்று அவர் கேட்கவில்லை.
"வீடு?" என்று மட்டும் கேட்டார்.
எந்த வார்த்தையை வைத்துக் கண்டுபிடித்தாரோ.
தலையாட்டினேன்.
அவரும் தலையாட்டினார், வேறு மாதிரி.

அத்திப்பட்டு கேட்டில் செக்யூரிட்டி
நோட்டை விரித்து வைத்திருந்தார்.
அவர் பெயருக்கு நேரே 'ஃபாரின்' என்று எழுதினார்.
என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
என் பெயருக்கு நேரே
'லோக்கல்'.
பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது
ரசீது மடிப்பு நெஞ்சில் குத்தியது.