இடப்பக்கக் கால்

ஒன்பது வருசம்
பண்ணைப் பாலத்துக் காற்றைத்தான் திட்டினேன்.

விடிய நாலரைக்கு மண்டைதீவில் நண்டு நிறுத்து
றெஜிபோம் பெட்டியைப் பின்னால் இறுக்கிக்
குருநகர்க் கொம்பனிக்கு ஓடுகிறபோது
மோட்டச்சைக்கிள் இடப்பக்கம் சரியும்.
சோளகம் அடித்தாலும் சரியும்.
வாடை அடித்தாலும் சரியும்.
இரண்டு காற்றும் எப்படி ஒரே பக்கம் தள்ளும் என்று
ஒருநாளும் கேட்கவில்லை.
உடம்பை வலப்பக்கம் ஒரு விரலளவு சாய்த்து
ஓடப் பழகிக்கொண்டேன்.

இந்த மாரியில் முன் ஃபோர்க் அழத் தொடங்கியது.
ஒயில் வழிந்து பிறேக்கில் இறங்கி
ஆஸ்பத்திரிச் சந்தியில்
ஒரு ஓட்டோவின் முதுகில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நாவாந்துறையில் எமில்தாஸ்
குழாயின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தான்.
"அம்மைத் தழும்பாக் கிடக்கு. உப்பு தின்ட வேலை.
சீல் மாத்தலாம். மாசத்துக்கொருக்கா மாத்துவியளோ?"

ஸ்ரான்லி வீதியில் குகநேசன் கடை.
கண்ணாடி மேசையில் ஒரு சோடி சீனா.
பதினெட்டாயிரத்தைந்நூறு.
என் பல்லு அதில் தெரிந்தது.
"இதின்ர குரோம் கடுதாசி, அண்ணை.
நீங்கள் தீவுக்குப் போறனீங்கள், ஒரு மாரி தாங்காது"
என்று விற்கிறவரே சொன்னால் என்ன செய்வது?
பழசையே கொழும்புக்கு அனுப்பிக் குரோம் அடிப்பிக்கலாம்,
இருபத்தி நாலு, மூன்று கிழமை.
மூன்று கிழமை நண்டு காத்திருக்காது.

பிறகு உள்ளே போய்ச்
சாக்கில் சுற்றிய ஒன்றைப் பிள்ளை மாதிரி ஏந்தி வந்தார்.
பஞ்சிகாவத்தையில் எடுத்தது. ஜப்பான். முப்பத்திரண்டு.
"மலைநாட்டில ஓடின சாமான். கடலைக் கண்டிராது."
தூசி றப்பரை நெம்பிக் காட்டினார்,
உள்ளே சிவந்த மண்.

எமில்தாஸ் அதைக் கிள்ளி விரலில் தேய்த்தான்.
"உரும்பிராய் மண்ணும் இந்த நிறந்தான்."

மூவரும் கொஞ்ச நேரம்
அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நகம் ஓட்டினேன். வழுக்கியது.
மறுபடி ஓட்டினேன்.
மனிசியின் சீட்டுக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

கழற்றியபோதுதான் தெரிந்தது.
உடைந்த ஷோகேஸ் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்துப்
பழைய குழாய்களை உருட்டினான்.
வலது சத்தமில்லாமல் போய் நின்றது.
இடது டக், டக், டக் என்று
நொண்டி நொண்டிப் போனது.
நூல் பிடித்து அளந்தான். இரண்டு மில்லி கட்டை.
கொம்பனி முத்திரையும் இல்லை.
"இது லேத்தில கடைஞ்சது, அண்ணை.
தடைக் காலமாத்தான் இருக்கோணும்.
சாமான் வராத நேரம் ஆரோ
கிடைச்ச இரும்பில ஒரு கால் செய்து குடுத்திருக்கிறான்."

எனக்கு விற்றவனுக்கு முதல் யார், அவனுக்கு முதல் யார்,
லொக் புத்தகத்தில் மூன்று பெயர், ஒன்று கரைந்துபோய்.
அவர்களும் சரிந்துதான் ஓடியிருப்பார்கள்.
அவர்கள் எதைத் திட்டினார்களோ.

வலது குழாயை எடைக்குப் போட்டேன்.
இடதை எமில்தாஸ் கேட்டு வாங்கி
ஸ்பனரின் பிடியில் மாட்டி
இறுகின நட்டு ஒன்றை அங்கேயே கழற்றினான்.
"நல்ல இரும்பு" என்றான்.

மகளின் பழைய பால்போத்தலால்
ஒயில் அளந்து, காலுக்கொன்றாய் ஊற்றினோம்.

அடுத்த நாள் விடிய, பாலம்.
காற்று இருந்தது, தள்ளவில்லை.
மோட்டச்சைக்கிள் நேரே போக
நான் மட்டும் ஒன்பது வருசப் பழக்கத்தில்
வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து
நடுக்கோட்டைத் தாண்டி,
எதிரே புங்குடுதீவு பஸ்
இரண்டு வெளிச்சமும் கோர்ணுமாய்.
சாரதி தலையை வெளியே நீட்டினான்:
"என்ன, நித்திரையோ?"

நின்று கதை சொல்ல நேரமில்லை.
பெட்டிக்குள் நண்டு
ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பிறாண்டிக்கொண்டிருந்தது.