சுழிப்பிழை

முருகேஷ்பாளையாவில் மூன்றாம் மாடி.
தண்ணீர் லாரி பின்னோக்கி வரும் சத்தத்துக்கு
ஃபோனின் வாயைப் பொத்திக்கொள்வேன்.
பிளஸ் டூவில் என்ன குரூப்?
இயற்பியலில் எத்தனை?
இப்போது மாதம் எவ்வளவு?
தமிழ் பேசும் பட்டதாரிகள் என் பங்கு.
முடித்த படிவத்துக்கு முப்பத்தைந்து ரூபாய்,
பாதியில் வைத்துவிட்டால் ஒன்றுமில்லை.

மார்க்கைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை.
பதினாறு வருடம் கழித்தும்
வேதியியல் நூற்று எழுபத்து நான்கு,
ரீவேல்யூஷனில் எழுபத்தேழு
என்று சுத்தமாய் வருகிறது.
சம்பளத்துக்குத்தான் குரல் இறங்கும்.
ஒருவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.
ஒருவர் கேட்டார், பிடித்தம் போகவா, போகாமலா.
தாவரவியல் படித்த ஒருத்தி
"சைபர்" என்றாள்,
"எத்தனை கட்டம் இருக்கோ அத்தனையிலும் போட்டுக்கோங்க."

இதையெல்லாம் சேர்த்து
யாரோ ஒரு கோடு வரைவார்கள்.
இயற்பியல் ஒரு மதிப்பெண் ஏறினால்
வருமானம் இத்தனை ஏறும்.
நான் நூற்றுத் தொண்ணூற்றொன்று.
என்னை இதுவரை யாரும் அழைக்கவில்லை.

வியாழக்கிழமை, வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு:
தில்லைக்கரசி.
இனிஷியல்கூட அதேதான்.
ஆய்வகத்தில் என் ஜோடி.
வெர்னியரை நான் பிடிப்பேன், அவள் எழுதுவாள்.
எங்கள் மேசை அளவியின் தாடைகள்
முழுக்க மூடினாலும் சுழியில் நிற்காது,
இரண்டு கோடு தள்ளியே நிற்கும்.
எடுத்த அளவு ஒவ்வொன்றிலும்
அதைக் கழித்துவிட்டு எழுதுங்கள் என்பார் சார்.

அவளுக்கு நூற்றுப் பதினெட்டு.
மாதம் எண்பத்து மூன்றாயிரம்.
குரல் இறங்கவில்லை.
பரீட்சை முடிந்த மறுவாரம்
டொம்லூரில் அவள் அக்காவின் ஒற்றை அறையில்
இன்னொரு பாய் போட இடமிருந்தது.
நான் பி.எஸ்சி. இயற்பியல்,
வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம்.
எதைக் கழிப்பது, யாருக்கு?
படிவத்தில் அதற்கு வரி இல்லை.

"உங்க குரலைக் கேட்ட மாதிரி இருக்கே" என்றாள்.
பேட்டி எடுப்பவர் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது,
விதி ஏழு.
சொன்னேன்.
ஏய் என்று கத்தினாள். கல்யாணம், குழந்தை, பல் வலி,
பிறகு,
"நீ எவ்வளவு வாங்குற?"
"உனக்கு முப்பத்தஞ்சு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.
கீழே லாரிக்காரன் குழாயைத் திறந்துவிட்டான்.
"நம்ம செட்டுல நாலு பேரு
இங்கதான் இருக்காங்க," என்றாள் மெதுவாக,
"நம்பர் தரட்டுமா?"

பட்டியலுக்கு வெளியே எடுக்கக் கூடாது.
அது விதி எட்டு.
பேனாவைத் தேடினேன்.