நகல் அல்ல

ஒமாஹாவில் பனி கொட்டும் செவ்வாய்க்கிழமை.
என் மேசைக்கு வந்து சேர்வதற்குள்
எல்லா ரத்தமும் காய்ந்து எண்ணாகிவிடும்.

38205: பிறருக்காக எடுத்த குருத்தணு.
38206: தனக்காகவே எடுத்தது.
நடுவே ஒரே ஓர் இலக்கம்.
விரல் வழுக்கினால்
அண்ணனுக்குக் கொடுத்தவர்
தனக்கே கொடுத்துக்கொண்டவர் ஆகிவிடுவார்.
பத்தொன்பது வருடத்தில் ஒருமுறை வழுக்கியிருக்கிறேன்.
அதை இப்போது பேச வேண்டாம்.

இன்று குசேரா கோப்பு.
காப்பீட்டுக்காரர்கள் திருப்பிய தாளில் ஒரு வரி:
"இரண்டாம் சேகரிப்பு, முந்தைய பில்லின் நகல். மறுக்கப்படுகிறது."

செவிலி மிலாடாவின் குறிப்பைத் திறந்தேன்.
எழுத்துப்பிழை மலிந்தவள்;
நேரம் மட்டும் தப்பாது.

காலை ஏழு நாற்பது.
வெண்டல் குசேரா, ஐம்பத்தெட்டு வயது,
ப்ரோக்கன் போவிலிருந்து விடியுமுன் வண்டி ஓட்டி வந்தவர்.
இரு கையிலும் ஊசி.
ஒரு கை வழியே போன ரத்தம்
எந்திரத்தில் சுழன்று
மறு கை வழியே வீடு திரும்பியது.
உதடு மரத்தது, கால்சியம் மாத்திரை இரண்டு.
மூக்கு அரித்தது, மிலாடா சொறிந்துவிட்டாள்
(இதற்குக் குறியீடு இல்லை).
ஐந்து மணி நேரம்
தான் ஆடவில்லை அவர்.
ரத்தம்தான் ஆடியது.

மாலையில் எண்ணினார்கள்:
பெறுபவரின் ஒரு கிலோ எடைக்குப் பத்தொன்பது லட்சம் அணு.
போதாது.
லட்சக்கணக்கில் கொடுத்தும்
போதாமல் போகும் கணக்கு இது.

நாளையும் வர வேண்டும் என்றார்கள்.
மாட்டுக்குத் தீனி போட ஆளில்லை என்று எழுந்தார்.
"வண்டி ஓட்டக் கூடாது என்றோம்," மிலாடா எழுதுகிறாள்,
"ஓட்டினார்."

மறுநாள் எட்டு ஐந்து.
அதே நாற்காலி, வேறு பை.
இடக்கை நரம்பு மூன்றாம் குத்தில்தான் கிடைத்தது.

அதன் கீழே சமூகப் பணியாளரின் பத்தி.
நான் படிக்க வேண்டிய பக்கமே இல்லை; படித்தேன்.
அண்ணன் ஆர்டெலோடு பதினொரு வருடமாகப் பேச்சில்லை.
நிலம். பங்கு. வழக்கமான பங்காளிக் கதை.
தான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்கிறார்.
அது முடியாது, அவருக்கு ஏற்கனவே தெரியும் என்றோம்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
"அப்படியானால் இரண்டு முறை வந்ததைச்
சொல்லாதீர்கள்."

இந்தத் தொழிலில் ஒரு விதி:
கொடுத்தவர் பெயரில் பில் போகாது.
ஊசி, பை, எந்திரம், மாத்திரை,
எல்லாம் பெறுபவர் கணக்கில் ஏறும்.
கொடுத்தவருக்கு மிஞ்சுவது இசட் 52.091,
"மற்ற கொடையாளர், குருத்தணு."
மற்ற.
ஒரே தாய் வயிற்றில் கிடந்தாலும் மற்ற.

நான் சும்மா இருந்தால்
அந்த மறுப்பு நிற்கும்.
ஆர்டெலின் கண்ணுக்கு
இரண்டாம் நாள் ஒரு குமாஸ்தாவின் பிழை.
தம்பி கேட்டது நடந்துவிடும்.
ஆஸ்பத்திரிக்கு நஷ்டம், என் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல்,
அவ்வளவுதான்.

காபியை இரண்டு முறை சுடவைத்தேன். குடிக்கவில்லை.

பிறகு எழுதினேன்.
தேதி இரண்டு. நேரம் இரண்டு. பை எண் இரண்டு.
குத்து மொத்தம் ஆறு.
இது நகல் அல்ல.
அதே ஆள்தான். மறுபடியும் வந்தார்.
கடைசி வரியை மேற்பார்வையாளர் அடிப்பார் என்று நினைத்தேன்.
அடிக்கவில்லை. அவசரத்தில் இருந்தார்.

நாலு வாரத்தில் பணம் வந்தது.
அதே நாளில்
ஆர்டெல் குசேராவின் தபால்பெட்டிக்கும்
ஒரு விளக்கத் தாள் போயிருக்கும்.
ஒரே குறியீடு, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரி,
அடுத்தடுத்த தேதி.
தலைப்பில் தடித்த எழுத்து:
இது பில் அல்ல.
அதைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேர்
குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்த கோப்பு ஒரு முழங்கால்.
இடதா வலதா என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.