கைக்குட்டை

பகலில் வெள்ளி நிறுப்பவன் நான்.
கோபால்ட் சுரங்கங்களின் கல்லை உருக்கி
டன்னுக்கு எத்தனை அவுன்ஸ் தேறும் என்று
குன்றிமணி பிசகாமல் எழுதிக் கொடுப்பேன்.
அதனால்தான் அந்த 1910 குளிர்காலத்தில்
ஹாக்கிக் கமிட்டி ஆள் அனுப்பியது:
"டாக்கபெரி, கண்ணில் பொய் இல்லாதவன் நீ.
கோலுக்குப் பின்னால் வந்து நில்."

நின்றேன்.
ஐஸ் மேலேயே, வலைக்கு ஓரெட்டுப் பின்னால்,
ஓவர்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக.
வட்டு கோட்டைத் தாண்டினால்
வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.
ஆட்டத்துக்கு ஒன்றரை டாலர்.

ஒன்றை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை:
மூக்கு ஒழுகினால் துடைக்க முடியாது.
கை பைப்பக்கம் போனாலே
பலகைகளைத் தாண்டி ஆயிரம் பேர் எழுவார்கள்,
பந்தயத் தாள் ஒரு முஷ்டியிலும்
வெள்ளிக்கல் மறு முஷ்டியிலுமாக.
மீசையில் உறைந்ததை
வீட்டு அடுப்பருகே உட்கார்ந்து உருக்கிக்கொள்வேன்.
அதை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

கோல்காவலன் டெலஸ்போர் லகாஸ்.
ஹல் நகரத்திலிருந்து ரயிலில் இறக்கினார்கள்,
சீசனுக்கு அறுநூறு டாலர்.
கால்களில் கிரிக்கெட்காரனின் காப்பு.
முகத்தில் முகம் மட்டும்.
காவலன் நின்றுகொண்டேதான் காக்க வேண்டும்,
அது அந்நாளைய சட்டம்.
மண்டியிட்டால், விழுந்தால், படுத்தால்
இரண்டு டாலர் அபராதம்.
அவன் முதுகைத்தான் எனக்குத் தெரியும்:
சிவப்புக் கம்பளிச் சட்டை,
இடது தோளருகே கறுப்பு நூலில் ஒரு தையல்,
வட்டு வருமுன் ஒருதரம் குலுங்கும் தோள்பட்டை.

பன்னிரண்டு ஆட்டம். நான்கில்தான் ஜெயம்.
ஏழு பேரில் ஒருவன், கில்ஹூலி,
கூடுதல் சம்பளம் கேள்விப்பட்டு
ராத்திரி ரயிலில் வேறு ஊருக்குப் போய்விட்டான்,
கிளப் ஸ்கேட்ஸுடன்.
அடுத்த ஆட்டத்தில் ஐந்தாவது கோல் விழுந்தபோது
லகாஸ் அரைவாசி திரும்பி
என் உயர்ந்த கையைப் பார்த்துச் சொன்னான்:
"உங்கள் வீட்டில் நன்றாக வெளுக்கிறார்கள்."
அந்தக் குளிர்காலம் முழுவதற்கும்
எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

மார்ச்.
கூரை சொட்டத் தொடங்கிவிட்டது.
ஐஸின் மேல் கணுக்கால் நனையத் தண்ணீர்.
வட்டு வழுக்கவில்லை, நீந்தியது.
ஹெய்லிபெரிக்காரர்களோடு கடைசி ஆட்டம்,
நான்குக்கு நான்கு, இரண்டு நிமிடம் பாக்கி.
வலைமுன் ஏழெட்டு மட்டைகள் விறகுவெட்ட,
ஒன்று அவன் வாயில் பட்டது.

முட்டி மடங்கியது.
சீசன் முழுக்க விழாதவன்
வட்டின் மேலேயே உட்கார்ந்தான், மெதுவாக,
குளத்தில் இறங்குகிறவன் மாதிரி.
பிறகு திரும்பினான்.
முழு முகத்தை அன்றுதான் பார்க்கிறேன்.
எவ்வளவு சின்ன வயது.
உள்ளங்கையில் இரண்டு பல்,
முகவாயிலிருந்து தண்ணீரில் சிவப்பு.

வலைக்கு மேலாகத்தான் நீட்ட முடிந்தது.
அதற்குக் கையைத் தூக்க வேண்டியிருந்தது.

கட்டடம் இடிந்ததுபோல் ஒரு சத்தம்.
தொப்பிகள் பறந்தன. பணம் கை மாறியது.
"கோல் இல்லை, ரத்தம்!" என்று கத்தினேன்,
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
ஆட்ட நடுவர் எழுதினார்: ஐந்துக்கு நான்கு.
அடுத்த வரியில்: காவலன் வீழ்ந்தமைக்கு இரண்டு டாலர்.

அவனைத் தூக்கியபோது
கம்பத்திலிருந்து கம்பத்துக்குக் கண்ணால் கோடிழுத்தேன்.
வட்டு வெளியேதான் கிடந்தது,
ஒரு விரற்கடை.
யாரோ ஒருவனின் பூட்ஸ் அதை எத்தியது.

இரவு, மரப்பலகை நடைபாதையில், சேற்றில்,
நின்று மூக்கைத் துடைக்கப் பையில் கை விட்டேன்.
இனி யாரும் எழுந்து நிற்கப்போவதில்லை.
பை காலி.