கல்லா என்று பார்க்கவும்

முதல் நாள் அவர் சொன்னது
"பிங்காங் சாகிட், டாக்டர்."
இடுப்பு வலி.
குவேக் போ ஹுவாட், அறுபத்தொன்பது, டாக்சி.
பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே ஓட்டுகிறவருக்கு
இடுப்பு வலிக்காமல் வேறெது வலிக்கும்?
தசைப்பிடிப்பு என்று எழுதினேன்.
தைலப் பட்டை நான்கு. விடுப்பு இரண்டு நாள்.
வெளியே தோ பாயோ மழைக்கு ஒதுங்கி
இன்னும் ஒன்பது பேர்.

ஏழாம் நாள் வலி இடம் மாறியிருந்தது,
இடது விலாவிலிருந்து தொடையிடுக்குக்கு.
சிறுநீரில் ஒரு பொட்டு ரத்தம்.
கல், என்றேன். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.
டாக்சிக்காரனைத் தண்ணீர் குடிக்கச் சொன்னால்
கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவதாம் என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.

படுக்கவைத்து வயிற்றை அழுத்தியது அன்றுதான்.
இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.
தொப்புளுக்குச் சற்று மேலே
ஏதோ துடித்தது.
விரல்நுனிக்கும் நாடி உண்டல்லவா,
காலையிலிருந்து மூன்று கோப்பி வேறு;
அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

கை கழுவினேன்.

(இப்போதெல்லாம் வயிற்றில் கை வைக்குமுன்
என் கழுத்தில் இரண்டு விரல் வைத்து
என்னை எண்ணிக்கொள்கிறேன்.
டாக்டர் சாமி கும்பிடுகிறார் என்று
நினைத்துக் காத்திருக்கிறார்கள்.)

பதினான்காம் நாள் பக்கவாட்டில் நீலம்.
சீன வைத்தியர் சுரண்டிவிட்டார் என்றார்.
இருக்கும்.
முகம் வெளுத்திருந்தது.
வயசு, என்றார். அதுவும் இருக்கும்.
வந்த ஒவ்வோர் அடையாளத்தின் கையிலும்
வேறொரு வீட்டு முகவரி.

உள்ளே எப்போதோ பெருந்தமனி
ஊதி, பின்புறமாய்க் கிழிந்துவிட்டிருந்தது.
கசிந்த ரத்தத்தை
முதுகெலும்போரத்துத் தசையும் கொழுப்பும்
முட்டுக்கொடுத்துத் தாங்கின,
விரிசல் விட்ட தொட்டிக்கு
மண்மூட்டை அண்டை கொடுத்ததுபோல.
அந்த முட்டோடு அவர்
சாங்கிக்குப் போய் வந்தார்,
துவாஸுக்குப் போய் வந்தார்,
வலியெடுத்த ஒரு பெண்ணைப் பிரசவ வாசலில் இறக்கி
மீட்டரில் இருந்த காசை வாங்க மறுத்தார்.

பத்தொன்பதாம் நாள் கடிதம் கொடுத்தேன்:
கல்லா என்று பார்க்கவும்.

ஸ்கேன் மேசையருகே நூரைனி என்றொரு பெண்
திரையைப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து
அவர் தோளில் கை வைத்தாள்.
ஜாங்கான் கெராக், அங்கிள். அசையாதீங்க.
கல் இல்லை.
ஒரு மணல்கூட இல்லை.

பிழைத்துக்கொண்டார்.
சீனப் புத்தாண்டின் நான்காம் நாள்
ஆரஞ்சு ஒரு ஜோடியோடு வந்தார்.
உங்கள் கடிதம் இல்லாவிட்டால்
நான் இல்லை, என்றார்.
மார்பிலிருந்து வயிறுவரை இறங்கிய தையலைச்
சட்டைமேலேயே தடவிக் காட்டினார்.

இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கினேன்.
வாங்கினால் பதிலுக்கு ஒரு ஜோடி தர வேண்டும்.
மேசை இழுப்பறையைத் திறந்தேன்.
பேனா, முத்திரை, தைலப் பட்டை.

அவர் கை நீட்டியபடி
காத்திருந்தார்.